மூர் மார்க்கெட்: ரயில் பலகையில் மட்டும் மிஞ்சிய சந்தை

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மின்சார ரயில் ஏறுகிறவர்களில் தினம் ஆயிரக்கணக்கானோர் போய் இறங்கும் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. அட்டவணையில் சுருக்கமாக எம்.எம்.சி. பெயரை நம்பி இறங்குகிற வெளியூர்க்காரர் மார்க்கெட் எங்கே என்று தேடினால் நடைமேடையும் டிக்கெட் கவுன்டரும் பல மாடிக் கட்டடமும்தான் தட்டுப்படும். சந்தை இருந்த இடத்தில்தான் அவர் நிற்கிறார். சந்தைதான் இல்லை.

போன வாரம் ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றி வந்தோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது கல்மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த நிலையத்திலிருந்துதான். 1873இல் சென்ட்ரல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ராயபுரத்தின் பெருமை மேற்கே நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தது. சென்ட்ரலுக்கு அருகே ரயில்வேக்கு நிலப்பசி தொடங்கியதும் அப்போதுதான். மூர் மார்க்கெட்டின் கதை இந்தப் பசியோடு முடிகிற கதை. ஆனால் அது தொடங்கிய இடம் பிராட்வே.

ஸ்டீபன் பாஃபம் என்ற வழக்கறிஞர் 1778இல் சென்னைக்கு வந்தார். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே ஓடிய ஆத்தப்பள்ளம் என்ற சாக்கடைத் தாழ்வை வாங்கி, மண் போட்டு மேடாக்கி, தெருவாக்கி விற்றார். அதுதான் பாஃபம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அங்கேயே ஒரு சந்தையும் அமைந்தது. நூறு வருடம் அது ஜார்ஜ் டவுனுக்குச் சோறு போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாநகராட்சிக் கனவான்களின் மூக்குக்கு அது ஆகவில்லை. நெரிசல், நாற்றம், நோய் பரவும் என்ற பயம். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர், சந்தையை வேறிடத்துக்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்தார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நாம் கண்ணீர் விட்ட மூர் மார்க்கெட்டே, ஒரு பழைய சந்தையைக் கிளப்பி விட்டுத்தான் பிறந்தது.

போன இடம் பீப்பிள்ஸ் பார்க். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் மக்களுக்காக உண்டாக்கிய பெரும் பூங்கா. (வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறு வருடமே லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது.) குளங்கள், மிருகக்காட்சி சாலை, வருடா வருடம் கண்காட்சி என்று அது களைகட்டியது. 1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் அந்தக் கண்காட்சியில் பிடித்த தீ நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. பூங்கா இருந்த பார்க் டவுன் மண்ணுக்குத் தீ புதிதல்ல.

1898இல் மூர் அடிக்கல் நாட்டினார். ஆர்.இ. எல்லிஸ் வரைந்த கட்டடத்தை ஏ. சுப்பிரமணிய அய்யர் கட்டிக் கொடுத்தார். 1900இல் ஆளுநர் ஆர்தர் ஹாவ்லாக் திறந்து வைத்தார். செங்கல் சிவப்பு, வரிசையாக வளைவுகள், மூலைகளில் கோபுர முகப்புகள், நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றிக் கூரையிட்ட நடைக்கூடங்கள். இந்தோ-சாரசெனிக் என்று புத்தகங்கள் எழுதும் பாணி. பக்கத்தில் விக்டோரியா ஹால் ஏற்கெனவே நின்றது. 1913இல் ரிப்பன் மாளிகை வந்து வெள்ளையாக நின்றது. ஊரிலிருந்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கியவருக்குப் பட்டணம் என்றால் முதலில் கண்ணில் பட்டது இந்த மூன்றும்தான்.

அன்றைக்குப் பட்டணம் பார்க்க வந்தவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு பயணத் திட்டம் இருந்தது. 'உயிர்க் காலேஜ்' என்று மிருகக்காட்சி சாலை, 'செத்த காலேஜ்' என்று எழும்பூர் மியூசியம், சாயங்காலம் பீச். உயிர்க் காலேஜும் மூர் மார்க்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் புலியைப் பார்த்த கையோடு குழந்தைகளை மார்க்கெட்டுக்கு இழுத்துப் போவார்கள், அல்லது குழந்தைகள் பெரியவர்களை இழுத்துப் போவார்கள். காணும் பொங்கலன்று வண்ணாரப்பேட்டையும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் குடும்பம் குடும்பமாக அந்தப் பக்கம் திரண்டதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். வடசென்னைக்காரர் தம் சொந்த ஊரிலேயே சுற்றுலாப் பயணியாக மாறிய இடம் அது.

உள்ளே என்ன இருந்தது? பொம்மை, பீங்கான், கடிகாரம், கிராமபோன் தட்டு, அதை ஓட்டும் பெட்டி, பித்தளை விளக்கு, ஏலத்தில் எடுத்த மேஜை நாற்காலி. ஒரு பக்கம் கூண்டுக்குள் கிளி, லவ் பேர்ட்ஸ், புறா, முயல், நாய்க்குட்டி. விலை என்பது சொல்லப்படுவதற்கு மட்டுமே, கொடுக்கப்படுவதற்கு அல்ல. பாதிக்கும் கீழே கேட்க வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். நாம் நடையைக் கட்ட வேண்டும். நாலாவது அடியில், "இந்தா நைனா, வா, எவ்ளோதான் குடுப்பே சொல்லு" என்று குரல் வரும். வராவிட்டால் நாம் கேட்டது ரொம்பக் குறைச்சல் என்று அர்த்தம். பேரம் தெரியாதவர் அங்கே நுழைந்தால் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதையோடு திரும்புவார்.

எழுதப் படிக்கிறவர்களுக்கு மூர் மார்க்கெட் என்றால் பழைய புத்தகம்தான். கட்டடத்துக்கு வெளியிலும் உள்ளேயும் குவியல் குவியலாகக் கிடந்தன. சட்டப் புத்தகத்துக்கு அடியில் சித்த வைத்தியம், அதற்கு அடியில் ஷேக்ஸ்பியர், அதற்கு அடியில் குஜிலிப் பதிப்புச் சிந்து. குஜிலி என்பது பார்க் டவுன் வட்டாரத்தில் மாலையில் கூடிய பஜார். காலணா அரையணாவுக்குக் கொலைச் சிந்தும் ரயில் சிந்தும் அங்கே விற்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று அதற்கொரு நூலே எழுதியிருக்கிறார். நூலகங்கள் தொட மறுத்த அந்த வெளியீடுகளில் கொஞ்சமாவது தப்பிப் பிழைத்தன என்றால், எடைக்குப் போட மனம் வராத பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொரு சரக்கும் அங்கே கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, படங்களோடு பைண்டு செய்து வைப்பது நம் வீடுகளில் பழக்கம். வீட்டுப் பெரியவர் போனபின் அந்த பைண்டு நடைபாதைக்கு வந்து சேரும். மணியம் படங்களோடு 'பொன்னியின் செல்வன்' அப்படி எத்தனை கை மாறியிருக்கும்! தொடர் எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பெரிய பரிசு இல்லை என்பது என் கட்சி.

1979 வாக்கில் வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே திருவள்ளூர் மார்க்கங்களில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகிற கூட்டம் பெருகியது. சென்ட்ரலுக்கு இடம் போதவில்லை. பக்கத்தில் இருந்தது மார்க்கெட். கடைகளைக் காலி செய்து ரயில்வேக்கு இடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. கடைக்காரர்கள் மறுத்தார்கள். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது.

தீ தானாகப் பிடித்ததா என்ற கேள்வி அன்றே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. சான்று இல்லாமல் அதில் தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை. ஆனால் எரிந்தபின் நடந்ததற்குச் சான்று தேவையில்லை. கரிந்து நின்ற செங்கல் சுவர்களைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக இடித்தார்கள். அதே வருடம் ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது, உயிர்க் காலேஜும் பார்க் டவுனை விட்டுப் போனது. ஒரே கோடையில் வடசென்னைக் குழந்தைகளின் இரண்டு சொர்க்கமும் காலி.

'வேறு வழி இருந்ததா' என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டுவேன். கல்கத்தாவின் நியூ மார்க்கெட் 1874இல் திறந்தது. அதுவும் செங்கல் சிவப்பு, அதுவும் வெள்ளைக்கார நகராட்சி கட்டியது. அதே 1985ஆம் ஆண்டு டிசம்பரில் அதிலும் தீப்பிடித்துப் பெரும் பகுதி போனது. எரிந்த பகுதியைக் கட்டி, கடைகளை அங்கேயே வைத்தார்கள். இன்றும் கல்கத்தா போகிறவர் அங்கே நுழையாமல் வருவதில்லை.

சிங்கப்பூரில் 1894இல் எழுந்த தெலுக் ஆயர் சந்தை, எட்டுப் பட்டை வார்ப்பிரும்புக் கட்டடம். கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தது. 1980களில் அதன் அடியில் ரயில் சுரங்கம் தோண்ட வேண்டி வந்தது. நம் கதைதான். அவர்கள் 1986இல் கட்டடத்தை இரும்பு இரும்பாகக் கழற்றி அடுக்கி, சுரங்க வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்பப் பூட்டினார்கள். இன்று லாவ் பா சாட் என்ற பெயரில் சாப்பாட்டுக் கூடமாக நிற்கிறது. செங்கல்லை அப்படிக் கழற்ற முடியாது என்று வாதிடலாம். சரி. ஆனால் சென்னையில் யாராவது யோசித்தாவது பார்த்தார்களா?

நாம் செய்தது வேறு. பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து புதிய ரயில்வே வளாகத்தின் முன்னே வைத்தோம். நினைவுச் சின்னம் என்று பெயர். எண்பத்தைந்து வருடம் ஊரே நுழைந்து வெளிவந்த கட்டடத்துக்கு, ஓர் ஆள்கூட நுழைய முடியாத பொம்மை! எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், நேரு ஸ்டேடியத்தை ஒட்டி அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பெயர்தான் அல்லிக்குளம். குளத்தின் மேல்தான் கட்டடம். அதே வளாகத்தில் குற்றவியல் நீதிமன்றங்களும் வந்து சேர்ந்ததால் வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்தவர்களும் போலீஸாரும் ஒரு பக்கம், பழைய புத்தகம் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். இதே பாதையில்தான் 1996இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையும் கோயம்பேட்டுக்குப் போனது. மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று எழுப்பிய புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அண்மையில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள். அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. மதுரையில் சந்தை போனது, மண்டபம் நிற்கிறது. சென்னையில் சந்தையில் பாதி பிழைத்தது, மண்டபம் போய்விட்டது.

பிழைத்த அந்தப் பாதியைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வேலை நாளில் போங்கள். எம்.எம்.சி.யில் இறங்கி, ரிப்பன் மாளிகையைக் கடந்து அல்லிக்குளம் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். முதலில் கண்ணில் படுவது போட்டித் தேர்வு நூல்களும் பள்ளி, கல்லூரிப் பாடப் புத்தகங்களும்தான். சலித்துத் திரும்பிவிடாதீர்கள். பழைய தமிழ் என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், பின்னாலிருந்து ஒரு கட்டை எடுத்துத் தூசி தட்டிப் போடுவார்கள். முதலில் சொல்லும் விலையைக் கேட்டதும் பணத்தை நீட்ட வேண்டாம். பேரம் மட்டும் தீயில் போகவில்லை.

கொத்தவால்சாவடி அடுத்த வாரம்.