வீதிக்கு வந்த பந்தய ஆசனம்

கொழும்பு - புத்தளம் வீதியில் அன்றாடம் ஓடும் காருக்குப் பந்தய ஆசனமும் பல முனைப் பட்டிகளும் பொருத்த விரும்புவோர், அவை எதற்காக உருவாக்கப்பட்டவை என்பதை முதலில் அறிவது நலம்.

1959இல் வொல்வோ கார்களில் அறிமுகமான, நில்ஸ் பொலின் வடிவமைத்த மும்முனை ஆசனப்பட்டி, இன்றைய வடிவில் உடலசைவுக்கு இடங்கொடுத்து, மோதலின்போது இறுகுகிறது. பந்தயப் பட்டியோ எப்போதும் உடலை ஆசனத்தோடு பிணைத்து வைக்கும். சிலாபம் நகரச் சந்தியொன்றில் முன்சாய்ந்து இருபுறமும் பார்க்கவேண்டிய சாரதிக்கு இதுவே இடையூறு.

மோதலின்போது நிலைமை இன்னும் பாரதூரமானது. தொடைகளுக்கிடையே செல்லும் பட்டி இல்லாத நான்கு முனை அமைப்பில், தோள்பட்டிகள் இடுப்புப்பட்டியை வயிற்றுக்கு இழுத்துவிடக்கூடும்; உடல் அதன் கீழாக வழுக, உள்ளுறுப்புகள் நசியும். மார்பு அசையாதிருக்கத் தலை மட்டும் முன்னே வீசப்படுவதால் கழுத்துக்கும் ஆபத்து. ஃபோர்முலா வன் பந்தயங்களில் 2003 முதல் தலையையும் கழுத்தையும் தாங்கும் சாதனம் கட்டாயமானது இதனாற்றான். கார் குடைசாய்ந்தால் கூரையைத் தாங்கப் பந்தயக் காரில் உருக்குக் கூண்டு உண்டு. அதனையும் பொருத்திவிடலாமே எனின், தலைக்கவசமற்ற தலை அக்கூண்டின் குழாயிலேயே மோதும்!

மூல ஆசனத்தைக் கழற்றினால், அதனுள் பக்கக் காற்றுப்பை இருப்பின் அதுவும் போய்விடும். கற்பிட்டி, உடப்பு போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று வேறு. துருவேறிய தரைத்தகட்டில் துளையிட்டுப் பூட்டிய போல்ட், மோதலின் பாரத்தைத் தாங்குமா?

இலங்கையில் சாரதியும் முன்னாசனப் பயணியும் ஆசனப்பட்டி அணிவது 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. பந்தயத் திடலுக்கும் செல்லும் கார் எனின், மூலப் பட்டியைக் கழற்றாது வைத்திருந்து வீதியில் அதனையே அணியவேண்டும்.