திருப்பதிக்கு எட்டாத ஏர்பஸ்

போன வாரம் ஆபீசில் ஒரு நண்பர், சின்ன செஸ்னா விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர், "முள்ளை நம்பாதே, டேங்கில் குச்சி விட்டுப் பார், அதுதான் முதல் பாடம்" என்றார். பகலில் அரை மணி, ராத்திரியில் முக்கால் மணி பறக்கிற அளவுக்கு எரிபொருள் மிச்சம் வைத்துத்தான் கிளம்ப வேண்டும், இங்கே கனடாவில் அது சட்டமாம். எனக்கு உடனே நம்ம ஊர்ப்பக்கம் நடந்தது ஞாபகம் வந்தது.

1993 நவம்பர் 15. நான் நகரியில் எட்டாம் கிளாஸ். சென்னையிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300 திருப்பதிப் பக்கம் வயலில் இறங்கிவிட்டது! உள்ளே 262 பேர். ஒரு உயிர்கூடப் போகவில்லை. "எல்லாம் ஏழுமலையான்" என்றார் பாட்டி. தெருவில் சிலர் பஸ் பிடித்துப் பார்க்கப் போனார்கள். அப்பா என்னை விடவில்லை (அந்த வருத்தம் இன்னும் இருக்கு).

நடந்தது என்னவென்றால், ஹைதராபாத்தில் பார்வைத்தெளிவு சரியில்லாமல் ஓடுபாதை தெரியவில்லை. இறங்காமல் மேலே ஏறியபோது இறக்கையின் பின்பக்கத் தகடுகள், ஃப்ளாப் என்பார்களே, அவை உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. அங்கேயே சுற்றிச் சுற்றி முயற்சி செய்து பார்த்தார்கள். பிறகு அப்படியே சென்னைக்குத் திரும்ப முடிவு. சுமார் 500 கிலோமீட்டர்! ஃப்ளாப் நீட்டிக்கொண்டிருந்தால் காற்று பிடித்து இழுக்கும், வேகம் குறையும், அதே தூரத்துக்கு எரிபொருள் மிக அதிகமாகக் கரையும். சென்னை வரை தாங்காது என்று வழியில் தெரிந்து திருப்பதிப் பக்கம் திருப்பினார்கள். அதற்கும் சுமார் 25 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது வயல்தான் கிடைத்தது. விமானம் அதோடு சரி, மறுபடி பறக்கவில்லை.

பேங்க்காரன் புத்திக்கு இது புது விஷயமில்லை. கையில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள், மாசச் செலவு ஏறிவிட்டதை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

ஏழு வருஷம் கழித்து, 2000 ஜூலை 12, இதே கதை ஐரோப்பாவில். கிரீட் தீவிலிருந்து ஜெர்மனியின் ஹனோவர் போன ஹபாக்-லாயிட் ஏர்பஸ் ஏ310. இந்தத் தடவை சிக்கியது சக்கரம், முழுசாக மடியவில்லை. தொங்கும் சக்கரத்தின் இழுவை விமானக் கம்ப்யூட்டரின் கணக்கிலேயே இல்லை. விமானிகள் அந்தக் கணக்கை நம்பிப் பறந்தார்கள். வியன்னா ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்னால் புல்தரையில் விழுந்தது. அதிலும் யாரும் சாகவில்லை.

அங்கே ஏழுமலையான் எப்படிப் போனார் என்று கேட்கப் பாட்டி இப்போது இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் வைத்திருப்பார்.