ஒரு நாழி அரிசியும் அம்மாவின் பத்தியமும்

இன்னைக்கு கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சோத்துக் கதை.

எங்க வீடு பாலக்கரையில், சகாய மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். வீட்டில் ரெண்டு நோயாளிகள். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. எனக்குக் கோதுமை ஆகாது. இதுக்கு 'சீலியாக்'னு பேர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்தக் குடலைத் தாக்க ஆரம்பிச்சுடும். மாத்திரையில் தீராது. வாழ்நாள் பூரா கோதுமை, மைதா, ரவை, பார்லி எதையும் தொடாமல் இருக்கணும், அதுதான் வைத்தியம்.

2016ல் இந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வடக்கே ஆயிரத்துக்கு எட்டொன்பது பேருக்கு இந்த வியாதி, தெற்கே ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்குத்தான் என்றது அது. அந்த ஒருத்தன் நான்தான் :-) இட்லி தோசை ஊரில் பிறந்ததால் பாதி தப்பிச்சேன். மீதிப் பாதி சாம்பாரில் மாட்டிச்சு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்னு எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆச்சு.

அம்மாவுக்கோ "ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆக, அவங்களுக்கு மருந்து எனக்கு விஷம். ஒரே அடுப்படியில் ரெண்டு கல், ரெண்டு கரண்டி. மாவு பறக்கும்னு முதலில் எனக்கு தோசை, அப்புறம்தான் அம்மா தனக்குச் சப்பாத்தி தேய்ப்பாங்க.

போன மார்கழியில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி. நான் மீட்டிங்கில் இருந்தேன். தட்டு விழுந்த சத்தம் கேட்டுப் போனால், அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருக்காங்க. உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குது. சர்க்கரை இறங்கிடுச்சு. சர்க்கரைத் தண்ணி கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சே வந்தது. "மாத்திரை போட்டுட்டேன்டா தம்பி. உனக்கு ஊத்திட்டு நான் சாப்பிடலாம்னு இருந்தேன்."

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் போனேன். பெரிய பெருமாளைச் சேவிச்சுட்டு தன்வந்திரி சன்னதிக்கு வந்தோம். அம்மா கண்ணை மூடி நின்னாங்க. எனக்கு எப்போதோ படித்த கல்வெட்டு ஞாபகம் வந்தது.

கோயிலில் உள்ள 1493ஆம் வருஷத்துக் கல்வெட்டு அது. ஸ்ரீரங்கத்தில் ஓர் 'ஆரோக்கியசாலை' இருந்ததையும், அது சிதைந்து போனதையும், கருடவாகன பட்டர் வம்சத்தில் வந்தவர் அதைத் திரும்பச் சீர்செய்து தன்வந்திரியைப் பிரதிஷ்டை பண்ணியதையும் அது சொல்கிறது. முதலில் அந்த ஆரோக்கியசாலை நடந்தது 13ஆம் நூற்றாண்டில், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரில் இருந்து ஹொய்சள ராமநாதன் ஆண்ட காலத்தில். கோயில் என்றால் புளியோதரை மட்டும் இல்லைங்க, ஆஸ்பத்திரியும்தான்.

ஸ்ரீரங்கத்துக்கும் முந்தைய ஒரு கணக்கு, காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கும் திருமுக்கூடல் கோயில் சுவரில் இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், ஏறத்தாழ 1069. அங்கே 'வீரசோழன்' என்று பேர் வைத்த ஆதுலசாலை, 15 படுக்கைகள். வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர ரெண்டு ஆள். நோயாளிகளைக் கவனிக்க ரெண்டு பெண்கள். நாவிதர், விளக்கெண்ணெய்ச் செலவு வரைக்கும் தனித்தனிக் கணக்கு. அதோடு, நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி.

எனக்குப் பிடித்தது அந்த ஒரு நாழிதான். தைலம், நெய், ஹரீதகி என்று இருபது வகை மருந்துகளைக் கல்லில் வெட்டியவர்கள், மருந்தோடு சோறு என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள். 'பத்தியம்' என்ற சொல்லே 'பாதைக்கு உகந்தது' என்று பொருள்படும் வடமொழிச் சொல்லில் இருந்து வந்தது. நாமதான் அதைத் தண்டனை மாதிரி ஆக்கிட்டோம்.

இன்னொன்றும் கவனிச்சேன். அந்தக் கல்வெட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் உண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் நெல் உண்டு. எங்க வீட்டில் வைத்தியர், விறகு கொண்டுவருபவர், கவனிக்கும் ரெண்டு பெண்கள் எல்லாமே அம்மா ஒருத்திதான். சம்பளம் பூஜ்யம் கலம். அதைவிட மோசம், பதினைந்து படுக்கைக்கும் அரிசி அளந்த கணக்கில் சமைக்கிறவங்க நோயாளியா இருந்தால் என்ன செய்யறதுன்னு ஒரு வரிகூட இல்லை. அதை நாமதான் எழுதணும்.

சரி, சப்பாத்திக்கு வருவோம். 1948ல் சென்னை ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கட்டினார். அவர் முன்வைத்த உணவு முறை, மாவுச்சத்து சாப்பிடும் நம்ம ஊருக்கு ஏற்றபடி நார்ச்சத்தைக் கூட்டுவது. அதாவது காய், கீரை, பயறு அதிகம். சப்பாத்தி ஒன்றும் மந்திரம் இல்லை. கோதுமையும் மாவுச்சத்துதான், அளவுதான் முக்கியம்.

இதை அம்மாவின் டாக்டரிடம் கேட்டு, அவர் சரின்ன பிறகு, வீட்டில் ஒரே கல்லு ஆச்சு. ராத்திரிக்குப் பச்சைப்பயறு தோசை, கூட ஒரு கிண்ணம் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ. ரெண்டு பேருக்கும் ஆகும். முதல் நாள் நான் ஊத்தினது ஆந்திரா மேப் மாதிரி வந்தது, அது வேற விஷயம் :-)

மாத்திரை நேரம் எட்டு. எட்டு அஞ்சுக்கு முதல் தோசை அம்மா தட்டில். அந்த நேரத்தில் மீட்டிங் வைத்தால் வரமாட்டேன்னு டீமில் சொல்லிட்டேன். காரணம் கேட்டாங்க. "அடுப்பில் கல்லு காயுது"ன்னேன்.

"நீ முதல்ல சாப்பிடுடா"ன்னு அம்மா இன்னமும் தினமும் சொல்றாங்க. நான் கேட்கறதில்லை.