டாலி டாட் – ஜேம்ஸ் மேடிசன் திருமணம் (1794)

அமெரிக்க அரசமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜேம்ஸ் மேடிசனும் பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் விதவை டாலி டாடும் செய்துகொண்ட காதல் திருமணம். 1793இல் அந்நகரைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலுக்கு டாலி, வழக்கறிஞரான தம் கணவரையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தார். மூத்த மகன் பெய்ன் மட்டும் மிஞ்சினான்.

மேடிசனுக்கு அப்போது 43 வயது, திருமணமாகாதவர். குள்ளமான, மெலிந்த உருவம், தணிந்த குரல்; புதியவர்கள் முன்னால் பேச்சே எழாது. 26 வயது டாலியைச் சந்திக்கவே நண்பர் ஏரன் பர் இடையில் நிற்க வேண்டியிருந்தது. காதலைச் சொன்ன விதமும் அப்படித்தான். பகலெல்லாம் உங்கள் நினைவில் அவருக்கு வாயடைத்துப்போகிறது, இரவில் தூக்கத்தில் உங்களையே அழைக்கிறார் என்று டாலிக்குக் கடிதம் எழுதியவர் டாலியின் உறவினரான கேத்தரின் கோல்ஸ். எழுதியதற்கெல்லாம் மேடிசன் கண்கள் மின்னச் சம்மதித்தார் என்ற குறிப்பும் அதே கடிதத்தில் உண்டு. இந்தக் காதலுக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1794 செப்டம்பர் 15 அன்று, வர்ஜீனியாவில் டாலியின் தங்கை லூசியின் ஹேர்வுட் இல்லத்தில் மணம் நடந்தது. அன்று தோழிக்கு எழுதிய கடிதத்தில் டாலி முதலில் டாட் என்றே ஒப்பமிட்டார். மாலையில் மேடிசன் என்ற புதுப் பெயரை எழுதி, அருகே ஒரு பெருமூச்சுச் சொல்லையும் சேர்த்தார். துணிந்து எடுத்த முடிவுதான், தயக்கமும் இருந்தது. டாலி குவேக்கர் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர்; வெளியாரை மணந்ததற்காக அச்சபை அவரை விலக்கியது.

இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. மேடிசன் 1809 முதல் 1817 வரை குடியரசுத் தலைவராக இருந்தபோது, கூச்சமுள்ள கணவருக்காக விருந்துக் கூடங்களில் எதிர்க்கட்சியினரிடமும் கலகலப்பாகப் பேசி நட்பு வளர்த்தவர் டாலியே. மேடிசன் 1836இல் இறந்தார்.