டயர் புராணம்

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துல போற எலக்ட்ரிக் சைக்கிளுக்கு நல்லா உழைக்கிற டயர் எதுன்னு தேட ஆரம்பிச்சேன் மக்களே. அது 1845-ல கொண்டுபோய் விட்டுருச்சு. வாங்க, சேர்ந்தே சுத்திட்டு வருவோம்.

முதல்ல வண்டி. நான் பொட்டி தட்டுற பெல்ஜியத்துல இதை 'ஸ்பீடு பெடலெக்'னு சொல்றாங்க. மிதிக்கணும்; மிதிச்சா 45 வரை மோட்டார் கைகொடுக்கும். 2016 அக்டோபர்ல இதுக்குன்னு தனி வகுப்பே வந்தது. நம்பர் பிளேட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். மோட்டார், பேட்டரி எடையெல்லாம் சேர்ந்து பின் டயர்தான் சீக்கிரம் மொட்டையாகும். ஆனா 45-ல போகும்போது முன் டயர்ல பொசுக்குனு காத்து போனா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி புராணம்.

காத்தடைச்ச டயர்னாலே எல்லாருக்கும் டன்லப்தான். அவருக்கு 40 வருஷத்துக்கு மேல முன்னாடியே, 1845-ல, ராபர்ட் வில்லியம் தாம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிட்டார். அப்போ அவருக்கு வயசு 23. ரப்பர் பூசின கேன்வாஸ் குழாய்க்குள்ள காத்து, மேல தோல் உறை. குதிரை வண்டியில மாட்டினதுல ஒரு செட் 1,200 மைல் ஓடியிருக்கு! உழைப்புல குறையே இல்லை. ஆனா மிதிச்சு ஓட்டற சைக்கிளே அப்போ பரவலா கிடையாது. ரப்பரும் விலை ஜாஸ்தி. உலகம் மறந்தே போச்சு. பெல்ஃபாஸ்ட்ல கால்நடை வைத்தியரா இருந்த டன்லப், பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிச்சு 1888-ல காப்புரிமை வாங்கினார். ரெண்டே வருஷத்துல, தாம்சனோடதைக் காட்டி அது செல்லாதுன்னுட்டாங்க.

டன்லப் டயரை ரிம்மோட ஒட்டிருவாங்க. பஞ்சர்னா பிச்சு, திரும்ப ஒட்டி, காயவச்சு... விடிஞ்சிரும். 1891-ல மிஷலின் சகோதரர்கள் கழட்டி மாட்டற டயர் செஞ்சாங்க. அதே வருஷம் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தை சார்ல் தெரோன் அந்த டயர்லதான் ஜெயிச்சார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்த கட்டம். அந்தக் காலத்து டயருக்குள்ள இருந்தது சாதாரண நெசவுத் துணி. பாவும் ஊடையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கும். சக்கரம் சுத்தும்போது டயர் தரையில நசுங்கி விரியுது பாருங்க, ஒவ்வொரு தடவையும் நூலே நூலை அறுக்கும். வெளிய ரப்பர் ஜம்முனு இருக்கும், உள்ள துணி செத்திருக்கும். ஜான் பால்மர்ங்கிற அமெரிக்கர் 1890-கள்ல பேசாம ஊடையையே தூக்கிட்டார். நூலெல்லாம் ஒரே திசையில, ரப்பர்ல புதைஞ்சு, ஓர் அடுக்கு இந்தப் பக்கம் சாய்வு, அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் சாய்வு. இன்னிக்கு சைக்கிள் டயருக்குள்ளயும் அதேதான். பருத்தி போய் நைலான் வந்திருக்கு.

அப்புறம் கருப்பு. துத்தநாக ஆக்சைடு கலந்த பழைய டயர்கள் வெளுப்பாத்தான் இருந்தது. 1904-ல லண்டன் சில்வர்டவுன்ல இருந்த ரப்பர் ஆலையில கரிப்பொடி கலந்தா ரப்பர் உறுதியாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல குட்ரிச் கம்பெனிக்கு இந்தக் கரியை வித்தது யார் தெரியுமா? கிரயோலா கிரேயான் செஞ்ச பின்னி அண்டு ஸ்மித் :)

டயர் வரலாறு எழுதறவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திடறாங்க. எனக்கு அது போதலை. பிரஸ்ஸல்ஸ்ல சான்கான்த்னேர் பூங்காவுல 1905-ல திறந்த பெரிய வளைவு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பின்னாடி இருந்தது லியோபோல்ட் மன்னரோட காங்கோ பணம். 1885-லருந்து 1908 வரை காங்கோ அந்த மனுஷனோட சொந்த சொத்து மாதிரி. 1890-கள்ல சைக்கிள் டயர் மோகம் கிளம்பினதும் காட்டுக் கொடியில ரப்பர் பால் எடுத்துத் தரச்சொல்லி ஊருக்கு இவ்வளவுன்னு அளவு வச்சாங்க. பொம்பளைங்களைப் பணயமா அடைச்சு வச்சாங்க. சிப்பாய் சுட்ட தோட்டாவுக்குக் கணக்கு, வெட்டி எடுத்த வலது கை. இங்கிலாந்துத் தூதரா இருந்த ரோஜர் கேஸ்மென்ட்டோட அறிக்கை 1904-ல வெளியாகி உலகத்துக்கே தெரிஞ்சது.

அந்தக் காட்டு ரப்பரை 1913 வாக்குல முந்தினது தோட்ட ரப்பர். 1876-ல ஹென்றி விக்கம் பிரேசில்லருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளோட வாரிசுகள், இலங்கை, மலாயான்னு பரவின கதை அது. மலாயாத் தோட்டங்கள்ல விடியறதுக்கு முன்னாடி எழுந்து பால்மரம் சீவினவங்கள்ல பெரும்பகுதி நம்ம ஊர்லருந்து கப்பலேறின ஜனம்தான். தாம்சன், டன்லப் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. இவங்க பேரு தோட்டத்து செக்-ரோல்ல இருந்திருந்தாலே பெரிசு.

சரி, எந்த டயர்? பக்கவாட்டுல ஈசிஈ-ஆர்75 முத்திரை இருக்கணும். 50 கிலோமீட்டர் வேகத்துக்குச் சோதிச்சதுன்னு அர்த்தம். இல்லைன்னா எவ்வளவு தடியா இருந்தாலும் வேண்டாம். நூல் எண்ணிக்கையைப் பெருமையாப் போட்டிருந்தா மயங்க வேணாம். மெல்லிசு நூல் பந்தயத்துக்கு, நமக்குத் தடிச்ச நூல் போதும். குத்தாம இருக்க நடுவுல ஒரு அடுக்கு வேணும். ஷ்வால்பே மராத்தான் பிளஸ்ல அது 5 மில்லிமீட்டர் ரப்பர். எடை கூடும், உருளறதும் கொஞ்சம் மந்தம். பின்னாடி அதைத்தான் மாட்டியிருக்கேன். முன்னாடியும் அதேதான், மந்தமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். காத்து மட்டும் வாரம் ஒருமுறை பார்த்துக்கறேன்.