மரபும் வாரிசும்

தமிழகத்தில் கலை நெடுங்காலம் குடிவழிச் சொத்தாகவே இருந்துவந்தது. நாகசுரமும் தவிலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. தெருக்கூத்தில் வேடம் கட்டும் கலையும் பெரும்பாலும் அவ்வாறே. ஆதலால், நடிகர் மகன் நடிகராவதைக் கண்டு எழும் முணுமுணுப்பை, மரபறியாதார் பொறாமை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆயின், பழைய குடிவழி வேறு. திரையுலகின் வாரிசு முறை வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருந்து மறைந்தது. பாலர் நாடகக் குழு என்பது அதன் பெயர். மக்கள் வழக்கில் ‘பாய்ஸ் கம்பெனி’.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918-இல் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவருள் தி.க. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அடங்குவர். இவர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடமேற்று நடித்தவர். எனவே இவர்களும் ஒருவகையில் வாரிசுகளே. ஆயினும் மற்றப் பிள்ளைகளோடு ஒருசேர அமர்ந்து பாடம் கேட்டே மேடையேறினர். சண்முகத்தின் பொருட்டு அபிமன்யு நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஓரிரவிலேயே எழுதி முடித்த செய்தியைச் சண்முகமே தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார். ஆசிரியரே புலவர், புலவரே பாத்திரத்தை மாணவனுக்கு அளந்து தருபவர். அக்காலத்து நாடக மேடையின் பெருஞ்செல்வம் இதுவே எனலாம்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி. சக்கரபாணியும் எம்.ஜி. இராமச்சந்திரனும் பி.யு. சின்னப்பாவும் வளர்ந்தனர். நவாப் இராசமாணிக்கத்தின் குழு எம்.என். நம்பியாரை அளித்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தி.க.ச. சகோதரர் குழுவிலும், சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிலும் பயின்றவர்கள். இவர்களுட் பலரை அங்கே கொண்டு சேர்த்தது வறுமை. உண்ண உணவு கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டுச் சென்ற பெற்றோர் பலர். அங்கே அடியும் உண்டு. வீட்டை நினைத்து அழும் இரவுகளும் உண்டு. அந்நாளைப் பொற்காலமென்று போற்றுவோர் இதை மறந்துவிடுகின்றனர். எனினும் வெண்பாவும் விருத்தமும் வாயில் ஊறிய நாவோடு அப்பிள்ளைகள் வெளிவந்தனர். ‘பராசக்தி’யின் நெடிய வசனம் 1952-இல் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்டதற்கு, மு. கருணாநிதியின் எழுத்தோடு அந்த நாவின் பயிற்சியும் காரணம். அப்படத்தில் சிவாஜியின் தகுதி பற்றி ஏவி. மெய்யப்பன் ஐயுற்றபோது, பி.ஏ. பெருமாள் அசையாது நின்றார். தந்தை துணையில்லாத கலைஞனுக்கு இப்படியொருவர் வாய்க்க வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆருக்கோ காத்திருப்புதான் வாய்த்தது. 1936-இல் ‘சதிலீலாவதி’யில் சிறுவேடம், 1947-இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகன். இடையே 11 ஆண்டுகள்.

பேசும்படம் வந்தபின் நாடகக் குழுக்கள் தேய்ந்தன. மாதச் சம்பளம் தந்து கலைஞரை வைத்திருந்த பெரிய ஸ்டூடியோக்களும் பின்னர் ஒடுங்கின. பயிலுமிடம் போனபின் எஞ்சியது வீடு. எழுபதுகளின் பிற்பகுதியில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த இளையராஜாவும் (‘அன்னக்கிளி’, 1976) பாரதிராஜாவும் (‘16 வயதினிலே’, 1977) கதவை உதைத்துத் திறந்தனர் என்பது உண்மையே. ஆயின் அதே பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) எம்.ஆர். ராதாவின் மகள் ராதிகாவையும், ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) முத்துராமனின் மகன் கார்த்திக்கையும் அறிமுகம் செய்தன. 1982-இல் ‘சங்கிலி’ வழியே சிவாஜியின் மகன் பிரபு வந்தார். மூவரும் திறமையாளர் என்பதில் ஐயமில்லை. வாரிசு முறையின் அநீதி திறமையின்மையில் இல்லாததால்தான் அதைச் சுட்டிக்காட்டுவது கடினமாகிறது.

அவ்வநீதி இருக்குமிடம் இரண்டாம் வாய்ப்பு. இயக்குநர் எஸ்.ஏ. சந்திரசேகரன் தம் மகன் விஜய்யைக் கதாநாயகனாக்கி 1992-இல் எடுத்த ‘நாளைய தீர்ப்பு’ தோற்றது. மறு ஆண்டே, அந்நாளில் பெரும் புகழோடிருந்த விஜயகாந்தை உடன் சேர்த்துச் ‘செந்தூரபாண்டி’யைத் தந்தை எடுத்தார், மேலும் சில படங்கள் தொடர்ந்தன. 1996-இல் விக்ரமனின் ‘பூவே உனக்காக’ வெளிவந்தபோதுதான் குடும்பங்கள் அம்மகனை ஏற்றன. பின்னர் அவர் எய்திய உயரம் அவருடைய உழைப்பே. ஆயினும் அந்த நான்காண்டுகளைத் தாங்கிய தோள் தந்தையுடையது. அத்தகைய தோளின்றி, முதற்படம் தோற்ற அன்றே ஊருக்குப் பேருந்தேறியவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஆகவே ஒப்பிட்டுக் காட்டவும் வழியில்லை.

மறைந்த நாடகக் குழுவின் இடத்தைச் சிறிதேனும் நிரப்பியது, பலரும் இகழும் தொலைக்காட்சி என்பது விந்தை. விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’விலிருந்து சந்தானமும், ‘கலக்கப்போவது யாரு’விலிருந்து சிவகார்த்திகேயனும் வந்தனர். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி கார்த்திக் சுப்புராஜையும் நலன் குமரசாமியையும் காட்டியது. கூத்துப்பட்டறையில் கணக்கெழுதிய விஜய் சேதுபதி, கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’வில் (2012) நாயகனானார். எனினும் அங்கே புலவர் ஆசிரியராக இல்லை. சிரிப்பும் விரைவும் கற்பிக்கப்பட்டன, தமிழ் கற்பிக்கப்படவில்லை.

விக்ரமின் தந்தை திரைப்படங்களில் சிறுவேடங்களில் நடித்தவர். படமெடுத்து மகனைத் தாங்கும் வளம் இல்லாதவர். 1990-இல் ‘என் காதல் கண்மணி’யில் அறிமுகமான விக்ரம், வேறு நடிகர்களுக்குக் குரல் கொடுத்தும் காலந்தள்ளி, பாலாவின் ‘சேது’ வெளிவந்த 1999 வரை காத்திருந்தார். அந்தப் படமும் வாங்குவாரின்றிப் பலநாள் பெட்டியிலேயே கிடந்தது. விக்ரமின் மகன் துருவை நாயகனாக்கி அதே பாலா ‘வர்மா’வை எடுத்து முடித்தபோது, தயாரிப்பாளர்க்கு அது நிறைவளிக்கவில்லை. இயக்குநர் மாற்றப்பட்டார், நாயகன் மாற்றப்படவில்லை. அதே கதை மீண்டும் படமாக்கப்பட்டு, ‘ஆதித்ய வர்மா’ என்னும் பெயரில் 2019-இல் திரைக்கு வந்தது.