திக்கற்ற பிள்ளையும் திக்கற்ற தாயும்: கடல்கடந்த மகவேற்பு பற்றி ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில், கல்லடிக்குத் தெற்கே அமைந்துள்ளது நாவற்குடா. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது, பிள்ளைகளை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் ஒரே நாளில் உருவாயினர். அச்செய்தி உலகெங்கும் பரவியதும், இப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்க மேலைநாட்டார் பலர் விரும்பினர். அவருள் தம் கிறித்தவ நம்பிக்கையின் பேரில் முன்வந்தோரும் இருந்தனர். இலங்கை அரசோ, பேரலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை மகவேற்பதை 2005 சனவரியில் தடைசெய்தது. அன்புடன் நீட்டிய கையை அரசு தட்டிவிட்டதா? இவ்வினாவுக்கு விடை காண, நம்பிக்கையின் வழிவந்த கடல்கடந்த மகவேற்பின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

இவ்வரலாற்றின் முதன்மையான குடும்பம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹோல்ட் குடும்பமாகும். கமத்தொழிலும் மரத்தொழிலும் செய்த ஹரி ஹோல்ட், அவர் மனைவி பேர்த்தா ஆகிய இருவருக்கும் ஏற்கெனவே அறுவர் பிள்ளைகள் இருந்தனர். 1954 இன் இறுதியில், கொரியப் போரில் ஆதரவிழந்த குழந்தைகளைக் காட்டும் திரைப்படமொன்றைக் கண்டு மனங்கலங்கிய இவர்கள் எண்மரை மகவேற்கத் துணிந்தனர். அன்றைய அமெரிக்கச் சட்டம் குடும்பமொன்றுக்கு இருவரையே அனுமதித்தது. ஆகவே 1955 இல் அவர்களுக்கெனக் காங்கிரசில் தனிச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஹரி ஹோல்ட் பன்னிரு குழந்தைகளுடன் நாடு திரும்பினார். அவருள் எண்மர் அவர் இல்லம் புகுந்தனர். பின்னர் இம்முயற்சி ஒரு நிறுவனமாக வளர்ந்தது. தொடக்கக் காலத்தில் மகவேற்போரிடம் அது முதன்மையாக வேண்டிய தகுதி, அவர்கள் உறுதியான கிறித்தவ விசுவாசிகளாக இருத்தல் என்பதே.

கொரியாவுக்குச் செல்லும் வழியில் தமக்கு உறுதிதந்த வேதப்பகுதியாக ஹரி ஹோல்ட் கொண்டது ஏசாயா நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தை. கிழக்கிலிருந்து சந்ததியைக் கொண்டுவருவதாக இறைவன் அங்கு வாக்களிக்கிறார். பேர்த்தா 1956 இல் வெளியிட்ட நூலின் தலைப்பும் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் அவ்வதிகாரத்தின் சூழலை நோக்குக. அங்கே பேசப்படுவது, நாடு கடத்தப்பட்டுச் சிதறிய மக்கள் தம் சொந்த மண்ணுக்கு மீள்வதாகும். மீட்சியைக் கூறும் வாக்கு, பெயர்ச்சிக்குரிய ஆணையாக வாசிக்கப்பட்டது. அக்குடும்பத்தின் பரிவில் ஐயமில்லை. வாசிப்பில் நேர்ந்த இத்திரும்பலே நம் கவனத்துக்குரியது.

இதன் விளைவு தனியொரு குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. கொரியாவிலிருந்து அடுத்துவந்த பதிற்றாண்டுகளில் இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகள் பலருக்கும், அநாதை எனக் குறிக்கும் தனிப்பதிவேடு உருவாக்கப்பட்டது. திக்கற்ற நிலை என்பது போராலும் நோயாலும் மட்டும் நேர்வதன்று, தாளிலும் அதனை ஆக்கிவிடலாம் என்பதை இது காட்டுகிறது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, இம்மகவேற்புகளில் நிகழ்ந்த உரிமை மீறல்களுக்கு அரசும் பொறுப்பு என முடிவு கூறியது.

கொரியாவிலிருந்து இவ்வலை இலங்கையை வந்தடைந்த வழி ஐரோப்பாவூடானது. குவேக்கர் சமயத்தவரான ஒல்லாந்த எழுத்தாளர் யான் டி ஹார்ட்டோக் கொரியச் சிறுமியர் இருவரை மகவேற்றவர். 1960களின் பிற்பகுதியில் அவர் தொலைக்காட்சியில் தோன்றி ஆற்றிய உரை, அந்நாட்டில் கடல்கடந்த மகவேற்புக்குப் பேராதரவைத் திரட்டியது. பிள்ளைப்பேறின்மை, மூன்றாம் உலகின்பால் கொண்ட பரிவு, சமய நம்பிக்கை ஆகிய மூன்றும் இவ்வியக்கத்தில் கலந்திருந்தன. வேண்டுவோர் தொகை பெருகவே, பிள்ளைகள் தேடப்பட்ட நாடுகளும் பெருகின. 1970களிலும் 1980களிலும் அவற்றுள் இலங்கையும் ஒன்றாயிற்று. இங்கிருந்து பதினோராயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றனர் என மதிப்பிடப்படுகிறது.

இவருள் கணிசமானோர் அநாதைகள் அல்லர். வறுமையாலும், மணமாகாது தாயானமையால் வந்த பழியாலும் நெருக்குண்ட பெண்களின் பிள்ளைகளும் இவ்வாறு அனுப்பப்பட்டனர். இடைத்தரகர் பணம் ஈட்டினர். பிறப்புச் சான்றிதழ்கள் புனையப்பட்டன. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் தாயாக நடித்துப் பிள்ளையைக் கையளித்த நிகழ்வுகளும் உண்டு. 2017 இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இவற்றை வெளிப்படுத்தியபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சர், ‘குழந்தைப் பண்ணைகள்’ இயங்கியதை ஒப்புக்கொண்டார். 2020 டிசெம்பரில் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் ஒல்லாந்தின் விசாரணைக் குழு, அரசு நெடுங்காலம் கண்மூடியிருந்ததை எடுத்துக்காட்டியது. மகவேற்றோரிற் பெரும்பாலோர் இவற்றை அறிந்திருக்கவில்லை. நல்லெண்ணமே கேள்வி கேட்கும் கடமையை மறைத்துவிட்டது எனலாம்.

இனி நம் மண்ணின் மரபை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை மகவேற்பை ஏற்றது. ஆயின் உறவினரின் இசைவையும், மஞ்சள்நீர் அருந்தும் சடங்கையும் அது வேண்டிற்று. பிள்ளையின் உறவு மாறுவது சுற்றத்தார் அறிய நிகழவேண்டும் என்பதே இதன் உட்பொருள். இலங்கையின் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் மகவேற்பு இடம்பெறவில்லை. ஆதலால் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தேவைப்பட்டது. அது 1992 இல் திருத்தப்பட்டு, வெளிநாட்டார் மகவேற்பு இறுக்கப்பட்டது.

மட்டக்களப்பிலோ தாய்வழிக் குடிமுறை வேரூன்றியது. மணமான பெண் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்தலும், வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாதலும் இங்குள்ள வழக்கம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. தாயை இழந்த பிள்ளைக்கு மற்றொரு தாய் அடுத்த வளவிலேயே இருத்தல் கூடும். இம்மரபைப் பொற்காலமாகப் புனைதல் தகாது. போரும் வறுமையும், மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகத் தாய்மார் செல்ல நேர்ந்தமையும் இதனைத் தளர்த்தியுள்ளன. சிறுவர் இல்லங்களில் சேர்க்கப்பட்டோரிற் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருப்பதே இத்தளர்ச்சிக்குச் சான்று.

பேரலைக்குப் பின் கல்முனை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை ஒன்றனைத் தமதெனப் பலர் உரிமை கோரியதாக உலகச் செய்தித்தாள்கள் எழுதின. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டு, 2005 பெப்ரவரியில் குழந்தையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. பிள்ளையைப் பிரிந்த அவ்வாரங்கள் பெற்றோர்க்குக் கொடியவை. எனினும் பொறுத்திருந்து உண்மையைத் தேடியதாலேயே பிள்ளை தன் தாயை அடைந்தது. விரைந்த கருணை அதனை எங்கோ கொண்டுசென்றிருக்கலாம். 2010 இல் எயிட்டி நாட்டு நிலநடுக்கத்தின் பின் அமெரிக்கத் திருச்சபையினர் சிலர் 33 பிள்ளைகளை எல்லை கடத்த முயன்று கைதாயினர். அப்பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்குப் பெற்றோர் இருந்தனர் என்பது பின்னரே தெரியவந்தது. இலங்கையிலோ 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் பொறுப்பில் வைத்து, வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிசெய்தது.

அவ்வாறாயின் நம்பிக்கையின் அழைப்பு பொய்யா? அன்று. இறைவன் மனிதரைப் பிள்ளைகளாக ஏற்பதைப் பவுலின் நிருபங்கள் பேசுகின்றன. தமிழ் வேதாகமம் அதற்குப் புத்திரசுவிகாரம் என்னும் சட்டச்சொல்லையே ஆள்கிறது. ஆனால் யாக்கோபின் நிருபம் மாசற்ற சமயம் இன்னதென வரையறுக்கையில், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே கூறுகிறது. ஏற்பதன் முதற்படியாக அது சுட்டுவது, அவர்தம் துன்பத்தில் அவரிடம் செல்லுதல். கடல்கடந்த மகவேற்பு இவ்விணையைப் பிரித்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டு தாயை விட்டுவந்தது. அமி கார்மைக்கேல் அம்மையாரோ 1901 முதல் நெல்லைச் சீமையில் சிறுமியரை ஏற்று, அம்மண்ணிலேயே அவரோடு வாழ்ந்து 1951 இல் டோனாவூரில் மறைந்தார். அவர் முறையிலும் குறை காண்போர் உளர். எனினும் ஏற்றவர் இடம்பெயர்ந்தார், பிள்ளை இடம்பெயரவில்லை என்னும் வேறுபாடு மனங்கொளத் தக்கது.

உண்மையிலேயே எவருமற்ற பிள்ளைக்குக் கடலுக்கப்பால் ஒரு வீடு கிடைப்பதை எவரும் மறுக்கமாட்டார். அதற்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் உள: தாய் எங்கே? சின்னம்மா எங்கே? பிள்ளையை மகவேற்க ஆகும் செலவில் ஒரு பங்கு அவர்கட்குக் கிடைத்திருப்பின், அவர்கள் அதனைக் கைவிட்டிருப்பரா? இவ்வினாக்களை அன்று பலர் கேட்கவில்லை. அன்று அனுப்பப்பட்டோர் இன்று நடுவயதினராய், பழைய சான்றிதழ்களைக் கையிற்கொண்டு இந்நாட்டுக்கு வந்து தாயைத் தேடுகின்றனர். அச்சான்றிதழிலுள்ள பெயர் உண்மையானதா என்பதும் அவர்களுள் பலர்க்குத் தெரியாது. ஏசாயா கூறிய மீட்சியை நம்புவோர் இன்று ஆற்றக்கூடிய பணி, அத்தேடலுக்குத் துணைநிற்றலேயாகும்.